அம்மன் கழுத்தில் ஸ்பெயின் ராஜா

"ஐயோ... கறுத்துப் போச்சே! அம்மா கழுத்து கறுத்துப் போச்சே!"

வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி. ஜவ்வாது மலை, கல்லாத்துப்பட்டு காளியம்மன் கோயில்.

அலறியது பச்சையம்மா. ஐம்பது வயது. மூன்று ஏக்கர் சாமை, பதினோரு புளியமரம், ஊரையே எழுப்பும் தொண்டை. அந்த அலறலில், வாசலில் திருவிழா பந்தோபஸ்துக்கு நின்றிருந்த ஏட்டு கோபால் கையிலிருந்த டீயை அப்படியே சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"இன்னாமா... பாம்பா?"

"பாம்பா இருந்தா நானே அடிச்சிருக்க மாட்டேனா? உள்ள வந்து பாருங்க ஏட்டய்யா!"

கோபால் பார்த்தார்.

அம்மன் கழுத்தில் காசு மாலை. ஏழு பெரிய வெள்ளிக் காசு. ஏழும்... கரிக்கட்டையாய்!

"பழசுன்னா கறுக்கத்தானே செய்யும்?"

"நேத்து மத்தியானம் நான்தான் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி வெச்சிட்டுப் போனேன். ஒரு ராத்திரில இவ்ளோ கறுக்குமா?"

கறுக்காது! கோபாலுக்கே தெரிந்தது. ஓடினார், எஸ்.ஐ. அம்மாவைக் கூப்பிட.

எஸ்.ஐ. கோகிலவாணி. மலைக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம். காக்கி போடுவதற்கு முன் போளூரில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். குற்றவாளியை இப்போதும் மாணவன் மாதிரிதான் பார்ப்பாள். அடிக்க மாட்டாள்... கேள்வி கேட்டே கொன்றுவிடுவாள்!

அவள் வருவதற்குள் வாசலில் ஊரே கூடிவிட்டது. நடுவில் ஊர்க்கவுண்டர் தேவராஜ். தலையில் பெரிய உருமால், அதைவிடப் பெரிய மீசை. கோயில் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான்.

"அம்மா, இதுல போலீசுக்கு இன்னா வேல? எங்க ஊர் விஷயம்," என்றார் தேவராஜ்.

"பந்தோபஸ்து கேட்டு மனு குடுத்தது நீங்கதானே? முழுசா பார்த்துட்டுப் போறேன். இது என்ன காசு?"

பச்சையம்மா முந்திக்கொண்டாள்.

"வெள்ளக்கார ராஜா காசுங்க. எங்க பாட்டன் முப்பாட்டன் சந்தனக்கட்ட வித்து வாங்கினதுன்னு சொல்வாங்க. வருஷம் பூரா வெளக்குப் புகைல கறுத்துக்கும். திருவிழாவுக்கு மொத நாளு எங்க வூட்டுப் பொம்பளதான் புளி போட்டுத் தேய்ச்சி, மலைத்தேன் தடவி, அம்மாவுக்குப் போடணும். இருபத்தஞ்சு வருஷமா நான்தான் தேய்க்கிறேன்."

"ஏழும் நல்லா வெளுக்குமா?"

"ஆறு வெளுக்கும். அஞ்சாவது மட்டும் ரெண்டு வருஷமா தேய்க்கத் தேய்க்க செவந்துக்குது. எம் மேல அம்மாவுக்கு இன்னா கோவமோன்னு, அப்பலேர்ந்து வெள்ளிக்கெழமன்னா பட்டினி. இன்னிக்கும் பச்சத்தண்ணி பல்லுல படல..."

"கதைய வுடு பச்ச!" தேவராஜ் பாய்ந்தார். "நேத்து கடைசியா மாலைய தொட்டது யாரு? நீ! நீ போனதும் பூட்டிட்டேன். சாவி எம் மடியில. நடுவுல ஒரு ஈ உள்ள போவல. அம்மா, இவதான் அசல மாத்திட்டு கறுப்பு கறுப்பா எதையோ கோத்து வெச்சிருக்கா!"

"கவுண்டரே! வாய் அழுவிடும்!"

"பகல் பன்னண்டுக்கு சாமி பொறப்பாடு. அதுக்குள்ள காசு வரணும். இல்லன்னா இவ வூட்டுக்கு இனிமே புளி போடற உரிமை கெடையாது. மூணு வருஷம் இவ அம்மன் வாசல மிதிக்கக் கூடாது. ஊர்ப் பந்தி அண்டா பதினாலையும் இவளே தேய்க்கணும்! இதான் தீர்ப்பு!"

பச்சையம்மா கருவறைப் பக்கம் திரும்பி அம்மனைப் பார்த்தாள். அண்டாவுக்கு அவள் பயப்படவில்லை. அம்மன் வாசல்! அதை மிதிக்காமல் அவள் ஒரு வாரம் இருந்ததில்லை. மாமியார் கையிலிருந்து அவள் கைக்கு வந்த உரிமை அது. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டா அதை விடுவது?

"தீர்ப்பு யாருக்கு? பச்சையம்மாவுக்கா, காசு மாத்தினவங்களுக்கா?" கோகிலவாணி நிதானமாகக் கேட்டாள்.

"மாத்தினவங்களுக்குத்தான்!"

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்! நானே ஆனாலும்!" தேவராஜ் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"கோபால், எழுதிக்குங்க."

"எழுதிட்டேன் மேடம். நெஞ்சுல அடிச்சதையும் எழுதிட்டேன்."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஜிப்பா வந்தது.

ஆனந்தன். வேலூர்க்காரர். பழைய நாணய ஆராய்ச்சியாளர் என்று விசிட்டிங் கார்டு சொன்னது. தோளில் கேமரா பை. மாசி மாதம் வந்து இந்த மாலையைப் போட்டோ எடுத்தவர். நேற்று திருவிழா பார்க்கவென்று மறுபடி வந்தவர்.

"மேடம், வீணா பதட்டப்படாதீங்க. ஒரு நிமிஷத்துல சொல்லிடறேன்."

மாலையை வாங்கினார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டினார். அடடா, என்ன ஒரு பாவனை!

"ஸ்பெயின் நாட்டு எட்டு ரியால் காசு. மெக்சிகோவுல அடிச்சது. அந்தக் காலத்துல கப்பல் கப்பலா மெட்ராஸுக்கு வந்து இறங்கும். இந்தப் பக்கம் ராஜா தலை, தலையில இலை மாலை. அந்தப் பக்கம் ரெண்டு தூண், நடுவுல சிங்கமும் கோட்டையும். ஓரத்தைப் பாருங்க... ஒரு வட்டம், ஒரு சதுரம், ஒரு வட்டம், ஒரு சதுரம். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடக் கூடாதுன்னு போட்ட அடையாளம்."

பையைத் திறந்து குட்டி டிஜிட்டல் தராசு ஒன்றை எடுத்தார். ஒரு காசைக் கழற்றி வைத்தார்.

27.0.

"இருபத்தேழு கிராம்! கச்சிதம். இப்படியே ஏழும் அசல்! போதுமா?"

"அப்ப ஏன் கறுத்துச்சு?"

"புளி மேடம், புளி! அமிலம்! வெள்ளியை ஒரே ராத்திரில கறுக்க வெச்சிடும். பழைய காசைத் தேய்க்கவே கூடாது. உலகம் பூரா சேகரிக்கிறவங்க பாடம் இது. தேய்ச்சா மதிப்பே போயிடும்! இந்த அம்மா தெரியாம பண்ணிட்டாங்க. பாவம், விட்டுடுங்க."

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்!

தேவராஜ் உடனே தலையாட்டினார். "அதான்! அசலுதானாம்! மேளத்த அடிங்கடா!"

"இருங்க கவுண்டரே." பச்சையம்மா இடுப்பில் கை வைத்தாள். "இருபத்தஞ்சு வருஷமா கறுக்காத புளி, நேத்து மட்டும் எப்டி கறுத்துச்சாம்? எங்க மரத்துப் புளிக்கே பழியா? குடுங்க இப்படி. இப்பவே தேய்க்கிறேன்."

"வேணாம்! தொடாதீங்க!" ஆனந்தன் குரல் கீச்சென்று கிழிந்தது. "மதிப்பு...!"

"மதிப்பு சந்தைக்கு. அம்மாவுக்கு சுத்தம்தான்!"

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். வகுப்பில் காப்பியடித்தவனைப் பார்க்கும் பார்வை.

"தேயுங்கம்மா. ஏழையும்."

ஒரு குண்டானில் தண்ணீர் வந்தது. ஒரு உருண்டை புளி வந்தது. ஆனந்தன் தோள்பையைப் புளியமரக் கிளையில் மாட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். மலைக்காற்று சிலுசிலுவென்று வீசியது. அவருக்கு மட்டும் வியர்த்தது!

பச்சையம்மா தேய்த்தாள். கறுப்பு கரைந்து ஓடியது. ராஜாவின் மூக்கு வெளியே வந்தது. கீழே நான்கு எண்கள்...

1783.

இரண்டாவது காசு. 1783.

மூன்றாவது, நான்காவது... ஏழாவது வரைக்கும். 1783.

"யம்மா!" பச்சையம்மா குண்டானைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இது எங்க காசே இல்ல! எங்களுது ஏழும் ஏழு வருஷம். எழுபத்தொம்போது இருக்கும், தொண்ணூத்தொண்ணு இருக்கும்... எண்பத்துமூணு அஞ்சாவது காசு மட்டும்தான்! ராஜா கன்னத்துல இந்த வெட்டும் அதுலதான் இருக்கும். இப்ப ஏழு ராஜாவுக்கும் ஒரே எடத்துல வெட்டு!"

கோகிலவாணி ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். அந்தக் காலத்து வியாபாரி எவரோ, உள்ளே வெள்ளிதானா என்று பார்க்க உளி வைத்துத் தட்டிய தடம். பிறை வடிவம். ஏழு காசிலும், அதே கன்னம், அதே பிறை. ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தாள். நகம் ஒரு மெல்லிய கோட்டில் தடுக்கியது.

"அச்சு ரெண்டு பாதியும் சேர்ற கோடு. அரம் போட்டு ராவியிருக்காங்க. இது அடிச்ச காசு இல்ல, ஊத்தின காசு! ஒரே காசை வெச்சு ஒரே அச்சு எடுத்து ஏழும் ஊத்தியிருக்காங்க."

"ஆனா எடை சரியா இருந்துச்சே மேடம்!" என்றார் கோபால்.

"எடையை யார் வேணா சரி பண்ணலாம் கோபால். கொஞ்சம் தடிமனா ஊத்தினா போச்சு. தண்ணியை ஏமாத்த முடியாது. தராசை எடுங்க. ஒரு டம்ளர் தண்ணி, ஒரு நூல்."

ஊரே எட்டிப் பார்த்தது. தராசின் மேல் தண்ணீர் டம்ளர். எண்ணைச் சைபராக்கினாள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல், நீருக்குள் தொங்கவிட்டாள்.

"காசு எவ்வளவு தண்ணியை ஒதுக்குதோ அது எண்ணா வரும். இந்த எடைக்கு நல்ல வெள்ளின்னா ரெண்டு புள்ளி ஆறு. செம்புன்னா மூணு."

3.0.

"மேல மட்டும் வெள்ளி முலாம். உள்ள செம்பு!" கோகிலவாணி நிமிர்ந்தாள். "ஆனந்தன் சார்... அசல்னு சொன்னீங்க?"

"க... கண்ணு கொஞ்சம் மங்கல் மேடம். வயசாகுது பாருங்க..."

"இதை ஊத்தினவன் கையில உங்க அஞ்சாவது காசு இருந்திருக்கு. கவுண்டரே, அந்தக் காசு எப்பவாவது வெளிய போச்சா?"

"போவல! எப்பவும் போவல! சத்தியமா போவல!"

ஒரு தடவை சொன்னால் போதாதா? மூன்று தடவை சொன்னார் தேவராஜ்.

"கோபால், மோப்ப நாய்க்குச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் மேடம். திருவண்ணாமலைலேர்ந்து வண்டி வரணுமாம். டிரைவர் நாஷ்டா சாப்ட்டுட்டு இருக்காராம்."

மணி பத்தேகால். பச்சையம்மா கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். போலி என்று நிரூபித்தாகிவிட்டது, சரி. அசல்? அது வராத வரைக்கும் ஊர் வாய் அவளைத்தானே மெல்லும்! கண்ணில் தண்ணீர் முட்டியது.

"மேடம், நான் கிளம்பறேன்," என்றார் ஆனந்தன். "வேலூர்ல ஒரு மீட்டிங். போளூர் பஸ்ஸைப் பிடிச்சாகணும்."

"தாராளமா."

அவர் புளியமரத்தடிக்கு ஓடினார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நாலு எட்டு வைத்தார்.

"ஆ...!"

ஐந்தாவது எட்டில் குதித்தார். ஆறாவதில் ஜிப்பாவை உதறினார். ஏழாவதில்... திருவிழாவில் அதுவரை எவரும் ஆடாத ஆட்டம் ஒன்றை ஆடினார்!

"ஐயோ... கடிக்குதே! அம்மா... ஆ! கழுத்துல... முதுகுல...!"

"சாமி வந்துடுச்சு போல கீது," என்றார் கோபால் பயபக்தியாக.

"சாமி இல்ல ஏட்டய்யா, செவ்வெறும்பு!" பச்சையம்மா துள்ளி எழுந்தாள். "மரத்துலேர்ந்து பை வரைக்கும் சாரை போட்டிருக்கு பாருங்க! வெறும் கேமராவுக்கு எறும்பு வருமா? தேனுக்குத்தான் வரும்! எங்க மலைத்தேனுக்கு!"

கோகிலவாணி பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள்.

கேமரா விழுந்தது. ஒரு பிஸ்கட் பாக்கெட் விழுந்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றிய கனமான ஏதோ ஒன்று, ஆயிரம் எறும்புகளோடு, கடைசியாய் விழுந்தது.

காசு மாலை! வெள்ளை வெளேரென்று. தேன் பிசுபிசுக்க!

"அம்மா...!" பச்சையம்மா அதை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். எறும்பு கடித்தது. கடிக்கட்டும்!

"கோபால், திருவண்ணாமலைக்கு போன் போட்டு நாயை வேணாம்னு சொல்லிடுங்க. டிரைவர் நிம்மதியா இன்னும் ரெண்டு இட்லி சாப்பிடட்டும்."

விலங்கு மாட்டிய கையால் ஆனந்தனுக்கு முதுகைக்கூடச் சொறிய முடியவில்லை. சொறிந்துவிட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றார். கோபால் ஒரு குச்சியால் சொறிந்துவிட்டார். சொன்னார்.

"மாசில வந்தப்ப கறுப்பா இருந்துச்சு மேடம். எப்பவும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அதே மாதிரி மருந்து போட்டுக் கறுக்க வெச்சு கொண்டாந்தேன். நேத்து சாயங்காலம் ஊரே பந்தில கூழ் குடிக்கறப்ப உள்ள போய்ப் பார்த்தா... மின்னுது! என்கிட்ட இருக்கறதோ கரி. திரும்பிப் போக மனசு வரல."

"ஏழுலயும் ஒரே வருஷம் இருக்கே?"

"கறுப்புக்கு அடியில மலைக்காரங்க எங்க வருஷம் பார்க்கப் போறாங்கன்னு..."

"புளி விக்கறவ நான்! நம்பரு தெரியாமலா தராசு பிடிக்கிறேன்?" பச்சையம்மா சீறினாள்.

"கெடச்சுடுச்சில்ல!" தேவராஜ் உருமாலைச் சரிசெய்துகொண்டார். "பச்சய நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டு பேசிட்டேன். போவட்டும். மணி பதினொண்ணு! மாலைய குடு, அம்மாவுக்குப் போடலாம். அடிங்கடா மேளத்த!"

"ஒரு நிமிஷம்," என்றாள் கோகிலவாணி. "அசல்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணும். ஏழையும் தண்ணில பார்த்துடறேன்."

"அம்மன் காச நூல்ல கட்டி டம்ளர்ல தொங்க வுடறதா? தெய்வ குத்தம்மா!"

"காலையில தொங்கவிட்டப்ப சும்மா இருந்தீங்களே?"

"அது... அது போலி..."

"உள்ள செம்புன்னு தொங்கவிட்டப்புறம்தானே தெரிஞ்சுது கவுண்டரே?"

தேவராஜ் மேளக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். மீசை மட்டும் லேசாக ஆடியது.

முதல் காசு. 2.6.

இரண்டாவது. 2.6.

மூன்றாவது, நான்காவது. 2.6... 2.6...

ஐந்தாவது.

3.0.

மேளக்காரர் குச்சியைக் கீழே போட்டார். அந்தச் சத்தம்கூடப் பெரிதாய்க் கேட்டது.

பச்சையம்மா அந்தக் காசை வாங்கினாள். புளியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். ராஜாவின் கன்னம் சிவந்தது. செம்புச் சிவப்பு!

"அம்மா கோவமில்ல..." அவள் குரல் உடைந்தது. "இது செம்பு! நூறு வெள்ளிக்கெழம நான் பட்டினி கெடந்தது வெறும் செம்புக்கு!"

கோகிலவாணி திரும்பினாள். "ஆனந்தன்! இதையும் நீதானே...?"

ஆனந்தன் சிரித்தார். அத்தனை எறும்புக் கடியிலும் சிரித்தார்!

"மேடம், அந்த ஒண்ணை மட்டும் என் மேல எழுதாதீங்க. அது நான் எடுத்தது இல்ல. நான் குடுத்தது! ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் அந்த 1783-ஐ வேலூருக்கு எடுத்துட்டு வந்து என்கிட்ட வித்தாரு. ஊருக்குத் தெரியாம இருக்க ஒரு போலி கேட்டாரு. ஊத்திக் குடுத்தேன். அந்த அசலை வெச்சுத்தான் மத்த ஏழும் ஊத்தினேன்."

"யாரு அவரு?"

"நேத்து நான் எப்படி உள்ள போனேன்னு நீங்க கேக்கவே இல்லியே மேடம்? பூட்டை உடைச்சேனா? ஒண்ணை வித்தவர்கிட்ட போய், போட்டோ எடுக்கணும், சாவி குடுங்கன்னா... மாட்டேன்னு சொல்லிடுவாரா?"

ஊரின் கண்கள் அத்தனையும் ஒரே இடுப்புக்குப் போயின. சாவி தொங்கிய இடுப்பு!

தேவராஜ் ஓரடி பின்னால் வைத்தார். இன்னோரடி வைத்தார். மூன்றாவது அடியில்...

டங்ங்ங்!

பந்திக்குக் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவில் மோதி உட்கார்ந்தார். உருமால் உருண்டு போய்ச் சாம்பலில் விழுந்தது.

"பைக்குக்கு தவணை கட்டணும்னு... ஒரே ஒரு காசுதானேன்னு..." முனகினார்.

"அந்த ஒண்ணு இப்ப எங்க ஆனந்தன்?"

"வீட்டு அலமாரில மேடம். நான் விக்கல. ரொம்ப அழகான காசு."

"கோபால், வேலூருக்கு ஆள் அனுப்புங்க. அப்புறம்... காலையில எழுதினீங்களே, அதைக் கொஞ்சம் படிங்க."

கோபால் நோட்டைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார்.

"'மூணு வருஷம் அம்மன் வாசல மிதிக்கக் கூடாது. ஊர்ப் பந்தி அண்டா பதினாலையும் தேய்க்கணும். யாரா இருந்தாலும். நானே ஆனாலும்.' அடைப்புக்குறிக்குள்ள, நெஞ்சில் அடித்துக்கொண்டார்."

ஊர் சிரித்த சிரிப்பில் புளியமரத்துக் காக்கைகள் பறந்தன.

பச்சையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த புளி உருண்டையை எடுத்து, தேவராஜின் கையைப் பிரித்து, உள்ளே வைத்து மூடினாள்.

"எஸ்.ஐ. அம்மா, இவர ஜீப்ல ஏத்த இன்னும் கொஞ்சம் நேரம் ஆவும்ல?"

"ஆகும். ஏன்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வெள்ளிக்கெழம சோறு துன்னப் போறேன். அண்டாவோட எந் தட்டையும் சேத்துத் தேய்ச்சிட்டு வரட்டும்!"